சொன்னதை எடுத்துச் சொல்லும் ஆங்கிலம்: மலையூர்ப் பணியிடங்களில் கண்டவை

குன்னூர், விடுதி வரவேற்புப் பணியிலிருந்து

எங்கள் வரவேற்பு மேசையில் அமரும் இளைஞர்கள் அனைவரும் பள்ளியில் ‘டைரக்ட் ஸ்பீச்’ (நேர்கூற்று), ‘இன்டைரக்ட் ஸ்பீச்’ (அயற்கூற்று, அதாவது ஒருவர் சொன்னதை நம் சொற்களில் எடுத்துச் சொல்வது) அட்டவணையை உருப்போட்டவர்கள்தாம். ‘நவ்’ என்றால் ‘தென்’, ‘டுடே’ என்றால் ‘தட் டே’, ‘ஹியர்’ என்றால் ‘தேர்’ என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஆனால், காலைப் பணிக்கு வருபவருக்காக இரவுப் பணியாளர் பதிவேட்டில் இரண்டு வரி எழுத நேரும்போது அந்த அட்டவணை எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று தெரியாது.

கொல்கத்தாவிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு குடும்பத்தைக் கோவை விமான நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டிய ஓட்டுநர், முதல் நாள் இரவு தொலைபேசியில், “நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துடுறேன்” என்று தமிழில் சொல்லியிருக்கிறார். எங்கள் பதிவேடு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பதால் இரவுப் பணியாளர் அதை, ‘டிரைவர் டோல்டு ஐ வில் கம் டுமாரோ சிக்ஸ் ஓ கிளாக்’ என்று எழுதிவிட்டு, விடிவதற்கு முன்பே பணியை மாற்றிக்கொண்டு போய்விட்டார். காலையில் அதைப் படித்தவர் ‘டுமாரோ’ என்பதை மறுநாள் என்று எடுத்துக்கொண்டு, யாரையும் எழுப்பவில்லை. வாசலில் மூடுபனிக்குள் முகப்பு விளக்கை எரியவிட்டபடி வண்டி நின்றுகொண்டிருந்தது. அறையில் அந்தக் குடும்பம் உறங்கிக்கொண்டிருந்தது. அதன்பின் நடந்த ஓட்டத்தை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

அந்த ஒரு வரியில் மூன்று இடறல்கள் இருக்கின்றன. ‘டோல்டு’ என்று எழுதினால் யாரிடம் சொன்னார் என்பதும் உடன் வந்தாக வேண்டும். அது இல்லாதபோது ‘செட்’ என்பதே சரி. ‘ஐ’ என்பதை அப்படியே விட்டதால், வருவதாகச் சொன்னவர் ஓட்டுநரா எழுதியவரா என்ற ஐயம் எழுகிறது. ‘டுமாரோ’ என்பது சொன்ன நேரத்தோடு ஒட்டிய சொல். படிக்கும் நேரம் மாறியதும் அதன் பொருளும் நகர்ந்துவிடுகிறது. ‘தி டிரைவர் செட் தட் ஹீ வுட் கம் அட் சிக்ஸ் தி நெக்ஸ்ட் டே’ என்று எழுதியிருந்தால் இலக்கணப்படி குறையில்லை. ஆனாலும் அந்த ‘நெக்ஸ்ட் டே’ எந்த நாளுக்கு அடுத்தது என்று பதிவின் தேதியைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால், தேதியையே எழுதும்படி இப்போது சொல்லி வைத்திருக்கிறோம்.

அட்டவணையை நினைவில் வைத்திருந்தாலும் எல்லா இடத்திலும் கைகொடுக்காது என்பதையும் இந்த மேசைதான் எனக்குக் காட்டியது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு விருந்தினர் அழைத்து, ‘இஸ் இட் ரெயினிங் தேர்?’ என்று கேட்டார். அதை என்னிடம் வந்து தெரிவித்த பயிற்சிப் பணியாளர், ‘ஷீ ஆஸ்க்டு இஃப் இட் வாஸ் ரெயினிங் ஹியர்’ என்றார். அவர் சொன்னதுதான் சரி. அட்டவணையில் ‘ஹியர்’ என்பது ‘தேர்’ ஆகுமே தவிர, ‘தேர்’ என்பது ‘ஹியர்’ ஆவதில்லை. விருந்தினருக்குக் குன்னூர் ‘அங்கே’. எங்களுக்கு அது ‘இங்கே’. ஆகவே எடுத்துச் சொல்பவர் எங்கே, எப்போது நின்று சொல்கிறார் என்பதை முதலில் பார்த்துவிட்டால், எந்தச் சொல் மாறும், எது மாறாது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கோத்தகிரி, பள்ளி ஆங்கில ஆசிரியை

மேலே எழுதியவரின் பதிவேட்டு வரியைப் படித்ததும் என் வகுப்பு விடைத்தாள்களைப் பார்ப்பதுபோல் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் கடினமாக இருப்பதற்குக் காரணம் சோம்பல் அன்று. தமிழில், ‘பஸ் எங்கே நிற்கிறது என்று கேட்டான்’ என்னும்போது, கேட்டவனின் சொற்களை அப்படியே வைத்து ‘என்று’ சேர்த்தால் வேலை முடிந்துவிடுகிறது. ‘ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னார்’ என்று அயற்கூற்றாக மாற்றும்போதும் ‘நான்’ என்னும் தன்மையிலிருந்து ‘அவர்’ என்னும் படர்க்கைக்குப் போவது மட்டும்தான் மாற்றம். அவர் வந்துவிட்ட பிறகும் ‘வருவதாக’ என்பது எதிர்காலமாகவே நிற்கிறது. ஆங்கிலமோ சொன்ன வினை இறந்தகாலத்தில் இருந்தால், உள்ளே இருக்கும் வினையையும் ஒரு படி பின்னுக்கு இழுத்து, ‘வில்’ என்பதை ‘வுட்’ ஆக்குகிறது. இந்தப் பழக்கம் நமக்கு இல்லாததால், அதை விதியாக மட்டும் கொடுத்தால் ஒட்டுவதில்லை.

வினாக்களில்தான் மிகுதியாகச் சறுக்குகிறார்கள். ‘ஹீ ஆஸ்க்டு மீ வேர் வாஸ் தி பஸ்’ என்று ஏறத்தாழ வகுப்பே எழுதும். அயற்கூற்றில் வினா வடிவம் கலைந்து, ‘வேர் தி பஸ் வாஸ்’ என்று சாதாரண வாக்கியத்தின் வரிசைக்கு வந்துவிட வேண்டும், வினாக்குறியும் போய்விடும். இதற்காக நான் கரும்பலகையை விட்டுவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போனேன். ஒரு மாணவி அங்கே நின்று ஒரு கேள்வியைக் கேட்பாள். இன்னொருத்தி அதை வகுப்புக்குள் இருப்பவளிடம் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். ‘ஹேவ் யூ ஃபினிஷ்டு?’ என்பதைக் கொண்டுவந்த பெண் வாசற்படியிலேயே நின்று, விரலால் தன்னையும் உள்ளே இருப்பவளையும் மாறி மாறிச் சுட்டிப் பார்த்துக்கொண்டு, ‘ஷீ ஆஸ்க்டு இஃப் யூ ஹேட் ஃபினிஷ்டு’ என்றாள். அந்த ‘யூ’ அங்கே ‘யூ’வாகவே இருக்க வேண்டும் என்பதை அவள் விரல் கண்டுபிடித்தது. தேர்வில் ‘யூ’ எதுவாக மாறும் என்பதற்கு அட்டவணை வேண்டும், அதையும் கற்பிக்கத்தான் செய்கிறேன். ஆனால் தாழ்வாரத்துக்குப் பிறகு.

கொடைக்கானல், சுற்றுலா வழிகாட்டி

எங்கள் தொழிலில், அதிகாரி சொன்னதைப் பயணிகளிடம் சொல்வதே பாதி வேலை. பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். யானை நடமாட்டம் இருந்தால் பாதையை அடைத்துவிடுவார்கள். ஒருமுறை உடன் வந்த இளம் வழிகாட்டி, தான் படித்த விதிக்கு உண்மையாக, ‘ஹீ செட் தி ரோடு வாஸ் க்ளோஸ்டு’ என்றார். ஒரு பயணி உடனே, அப்படியென்றால் இப்போது திறந்துவிட்டார்களா என்று கேட்டார். அந்த வாக்கியத்தில் பிழை இல்லை என்றாலும், நிலைமை மாறாமல் இருக்கும்போது ‘ஹீ சேஸ் தி ரோடு இஸ் க்ளோஸ்டு’ என்று நிகழ்காலத்தில் சொல்லிவிடுவதே எங்களுக்குத் தோது. சொன்ன வினை நிகழ்காலத்தில் இருந்தால் உள்ளே எதையும் பின்னுக்கு இழுக்க வேண்டியதில்லை.

சொன்ன வினை இறந்தகாலத்தில் இருந்தாலும் பின்னுக்கு இழுக்க வேண்டியிராத இடமும் உண்டு. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் என்று நான் சொன்னதை ஒருவர் எடுத்துச் சொன்னால், என்றும் உள்ள உண்மை என்பதால் ‘ப்ளூம்ஸ்’ என்பது அப்படியே நிற்கும். 2018இல் பூத்தது என்று சொன்னதை ‘ப்ளூம்டு இன் 2018’ என்றே சொல்லலாம். ஆண்டு குறிப்பிட்டிருப்பதால் ‘ஹேட் ப்ளூம்டு’ என்று மாற்றியாக வேண்டிய கட்டாயமில்லை. அடுத்து 2030இல் பூக்கும் என்று சொன்னதற்கு, அந்த ஆண்டு இன்னும் வராததால் இன்றைக்கு ‘வில்’, ‘வுட்’ இரண்டுமே பொருந்தும். 2031இல் யாராவது என் பேச்சை நினைவுகூர்ந்தால், அவருக்கு ‘வுட்’ ஒன்றுதான் மிஞ்சும்.