ஸ்பானிய மொழியில் லத்தீன் 'ஃப' சில சொற்களில் மட்டும் மறைவது ஏன்?

கேள்வி:
லத்தீன் 'ஃபாக்கெரே' ஸ்பானியத்தில் 'அசேர்' (செய்தல்) ஆகிறது. 'ஃபரீனா' 'அரீனா' (மாவு) ஆகிறது. அப்படியிருக்க 'ஃபோக்குஸ்' மட்டும் 'ஃபுவேகோ' (நெருப்பு) என்று ஃபகரத்தோடு நிற்பது ஏன்? இன்னொன்று: இரவுக்கு லத்தீன் அகராதி 'நோக்ஸ்' என்கிறது. அதிலிருந்து 'நோச்சே' எப்படி வரும்?

பதில் 1:
இரண்டாவதை முதலில் பார்ப்போம், பலர் சறுக்குவது அங்கேதான். லத்தீன் அகராதி எழுவாய் வடிவத்தைத் தலைச்சொல்லாகத் தரும். ஸ்பானியப் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் வந்ததோ இரண்டாம் வேற்றுமை வடிவத்திலிருந்து. நோக்ஸுக்கு அது 'நோக்தெம்'. கடைசி மகரம் பேச்சில் வெகு முன்பே உதிர்ந்துவிட்டது. நடுவில் உள்ள 'க்த' 'ச்ச' ஆனது. 'ஒக்தோ' 'ஓச்சோ' (எட்டு) ஆனதும் இதே வழியில்தான்.

பதில் 2:
சொல் முதலில் வரும் ஃபகரம், இன்றைய ஸ்பானியத்துக்கு அடிப்படையான காஸ்டீலியப் பேச்சில் ஹகரமாகத் தேய்ந்து, பிறகு ஓசையே இல்லாமல் போனது. எழுத்தில் மட்டும் எச் மிச்சம். ஆனால் அடுத்து ரகரமோ 'உவே'யோ வந்தால் ஃபகரம் பிழைத்துக்கொண்டது: 'ஃப்ரீயோ' (குளிர்), 'ஃபுவேர்த்தே' (வலிய). உகரத்துக்கு உதடு குவிவதால் உதட்டொலியான ஃபகரம் அங்கே தாக்குப்பிடித்தது.

அந்த 'உவே' வந்தது அழுத்தம் விழுந்த குறில் ஒகரத்திலிருந்து: 'போர்த்தா' – 'புவேர்த்தா' (கதவு). 'புவேதோ' (என்னால் முடியும்), 'போதேமோஸ்' (எங்களால் முடியும்) என்று வினை மாறுவதற்கும் காரணம் இதுவே. இரண்டாவதில் அழுத்தம் நகர்ந்துவிடுவதால் ஒகரம் அப்படியே இருக்கிறது.

'யே' வரும் இடத்தில் விதியை நம்ப வேண்டாம். 'ஃபெர்ரும்' 'யேர்ரோ' (இரும்பு) ஆனது, 'ஃபெஸ்தா'வோ 'ஃபியெஸ்தா' (விழா).

பொருளையும் கவனியுங்கள். ஃபோக்குஸ் என்றால் அடுப்பு. நெருப்புக்கு இருந்த 'இக்னிஸ்' பேச்சு வழக்கொழிந்தது, அடுப்பு நெருப்பாகிவிட்டது.

பதில் 3:
'ஃபோர்மா' (வடிவம்) போன்றவை விதியை மீறுவதாகத் தோன்றும். அவை பேச்சு வழியாக வந்தவை அல்ல, பின்னாளில் ஏட்டு லத்தீனிலிருந்து எடுத்தவை. தற்சமம், தற்பவம் என்று நாம் பிரிப்போமே, அதே கணக்கு. 'ஃபோர்மா' தற்சமம் என்றால், அதன் தற்பவம் 'ஓர்மா' (செருப்பு தைக்கும் அச்சுக்கட்டை). 'க்ளாவெம்' பேச்சில் 'யாவே' (சாவி) ஆனது, ஏட்டு வழியில் 'க்ளாவே' (புதிரின் திறவு, கடவுச்சொல்) ஆனது. ஒரே மூலத்துக்கு இரண்டு சொல் கிடைத்தால் தேய்ந்ததில்தான் ஒலிவிதியைச் சோதிக்க வேண்டும்.

அன்றாடச் சொல் எல்லாமே லத்தீன் என்றும் எண்ண வேண்டாம். ஒலிவ மரம் 'ஒலீவோ' லத்தீன். அதன் காய் 'அசேய்த்தூனா'வும் எண்ணெய் 'அசேய்த்தே'யும் அரபு.