மறுமொழி: 'மருந்தின்மை வலி' வேண்டாம், 'மருந்திறங்கு வலி' என்போம்

அன்புள்ள நண்பர்களே,

பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையின் வேகம் குறையும்போது எழும் வலியை ஆங்கிலத்தில் 'ஆஃப் பீரியட் பெயின்' என்கிறார்கள். அதற்கு நம் அகராதிக் குழுவில் வந்த 'மருந்தின்மை வலி' என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. அந்தச் சொல்லைக் கேட்கும் வீட்டார், "மாத்திரை போடவில்லையா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நோயாளியோ வேளை தவறாமல் விழுங்கியிருப்பார். லெவோடோபா இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. அது மூளையை எட்டுமுன் சிதையாமல் காக்கும் கார்பிடோபாவோடு சேர்த்துக் கொடுத்தாலும் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். தொடக்க ஆண்டுகளில் மூளை அதை, உடல் அசைவுக்கு வேண்டிய டோபமீன் என்னும் வேதிப்பொருளாக மாற்றிச் சேமித்துச் சமாளிக்கிறது. டோபமீனைச் சுரக்கும் செல்கள் மேலும் அழிந்தபின் அந்தக் கையிருப்பும் இல்லை. அடுத்த வேளைக்கு முன்பே உடல் இறுகத் தொடங்குகிறது. இதில் பழியை நோயாளி மேல் போடும் சொல் நமக்கு எதற்கு?

விடியற்காலைதான் மிகக் கொடுமை. இரவு போட்ட மாத்திரையின் வேகம் முழுதும் போயிருக்கும். கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றுவதற்குள் பாதம் உட்புறம் திரும்பும், விரல்கள் மடங்கிக்கொள்ளும், கெண்டைக்கால் இழுக்கும். காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கியபின்தான் விடும். தசை முறுக்குவது மட்டுமே காரணமன்று. மருந்தின் வேகம் குறைந்த நிலையில் சிறு தூண்டலே வலியாகத் தெரிவதையும், லெவோடோபா கொடுத்தபின் வலி உணரத் தொடங்கும் வரம்பு உயர்வதையும் சோதனைகள் காட்டியுள்ளன. 2015இல் வெளிவந்த கிங்ஸ் பார்கின்சன் வலி அளவுகோலிலும் மருந்தின் ஏற்ற இறக்கத்தோடு வரும் வலிக்குத் தனிப் பிரிவு உண்டு.

'மருந்தோய்வு வலி' காதுக்கு இனிமைதான். ஆனால் 'ஓய்வு' என்றதும் சும்மா இருக்கையில் வரும் வலி என்று படித்துவிடுவார்கள். 'தணிவு' சேர்த்தாலோ வலியே தணிவதாகப் பொருள் புரண்டுவிடும்.

ஆகவே 'மருந்திறங்கு வலி' என்று முன்மொழிகிறேன். காய்ச்சல் இறங்கியது, விஷம் இறங்கியது என்பது நம் அன்றாடப் பேச்சு. வீட்டாருக்கு விளக்கமே தேவைப்படாது. விழுங்கும்போது வரும் வலி என்று மயங்க இடமுண்டு. கட்டுரையில் முதல்முறை வரும்போது விரித்தெழுதினால் அதுவும் தீரும்.

கூடவே ஒன்று. ரிஜிடிட்டி (தசை விறைத்து இறுகுவது), டிஸ்டோனியா (தசை தானாக முறுக்கி உறுப்பைத் திருப்புவது) இரண்டுக்கும் 'தசையிறுக்கம்' என்று எழுதிவருகிறோம். முன்னதற்கு அது இருக்கட்டும். பின்னதற்குத் 'தசை முறுக்கம்' என்று பிரித்துக்கொள்வோம். குழுவில் உள்ள மருத்துவர்கள் இச்சொற்களை நோயாளிகளிடம் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். அதன்பின் அகராதியில் சேர்க்கலாம்.