புதுப்பிப்பு: தங்கையின் இரத்தக்கட்டிக்குக் காரணம் தெரிந்தது

கர்ப்பிணியான என் தங்கையின் இடது காலில் இரத்தம் உறைந்ததையும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியை முழு அளவில் போட்டுவந்தபோதே மறு காலிலும் இரத்தக்கட்டி தோன்றியதையும் முன்பு எழுதியிருந்தேன். காரணம் சூலகப் (சினைப்பை) புற்றுநோய் என்று இப்போது உறுதியாகியுள்ளது. வளர்ந்த கருப்பை மறைத்ததால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெளிவாகத் தெரியாதது எம்ஆர்ஐ பரிசோதனையில் தெரிந்தது.

கர்ப்பமே இரத்தம் உறையும் வாய்ப்பை 4 முதல் 5 மடங்கு உயர்த்துகிறது. புற்றுநோயோ ஏறத்தாழ 1000 கர்ப்பங்களில் ஒன்றில்தான் காணப்படுகிறது. ஆகவே முதல் இரத்தக்கட்டியின்போது யாரும் வேறு காரணம் தேடாததைக் குறை சொல்ல மாட்டேன். சோர்வு, வயிற்று உப்பசம், இரத்தசோகை எல்லாம் கர்ப்பத்தின் கணக்கிலேயே சேர்ந்துவிடுகின்றன; இரத்தக்கட்டி இருப்பதைக் காட்ட உதவும் டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனை அளவும் இயல்பான கர்ப்பத்திலேயே உயர்ந்திருப்பதால் அது எதையும் பிரித்துக் காட்டவில்லை. ஆனால், ஊசியைத் தவறாமல் போட்டும் இரண்டாவது இரத்தக்கட்டி வந்தபோதே தேடலைத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஊசிக்குப் பதிலாக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை மாத்திரையாகத் தரலாமே என்று சிலர் கேட்டிருந்தார்கள்: அது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சேரும், ஹெப்பாரின் கடக்காது. குழந்தை பிறந்து நலமாக இருக்கிறது. தங்கைக்கு அறுவை சிகிச்சை முடிந்தது, அடுத்து கீமோதெரபி, ஊசியும் தொடர்கிறது.