வியட்நாமை வடக்கிலிருந்து தெற்கு வரை தரைவழியாகக் கடக்க: நவம்பர் திட்டம் சரிவருமா?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

வணக்கம். என் தாத்தா பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனில் (இன்றைய ஹோ சி மின் நகரம்) எழுத்தராக இருந்தவர். அந்த ஊரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று எழுபது வயதான என் அப்பா பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். நேரே அங்கே போய் இறங்காமல், ஹனோயில் தொடங்கி நாட்டின் நெடுக்கே பயணம் செய்து போய்ச் சேர விரும்புகிறோம். நவம்பரில் 12 நாள் விடுப்பு இருக்கிறது. ஹூவே வரை ரயில், அங்கிருந்து வாடகை மோட்டார் சைக்கிளில் ஹாய் வான் கணவாய் வழியாக டா நாங், பிறகு மீண்டும் ரயில் என்பது திட்டம். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கிவிட்டேன். ஆனால் எப்படிக் கணக்குப் போட்டாலும் நாள் போதவில்லை. அப்பா சைவம் மட்டுமே சாப்பிடுவார் என்பது இன்னொரு கவலை. எதை மாற்ற வேண்டும்?

பதில் (மஞ்சக்குப்பம், கடலூர்)

முதலில் மாதத்தை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை கொட்டும் அதே காலத்தில்தான், கடலிலிருந்து வரும் வடகிழக்குக் காற்று நடு வியட்நாமின் மலைகளில் மோதி, ஹூவே, டா நாங் பக்கம் வெள்ளத்தைக் கொண்டுவருகிறது. கெடிலம் ஆறு பெருக்கெடுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: அந்த மாதங்களில் முதியவரை அழைத்துப் போக வேண்டாம். அவர்களுடைய புத்தாண்டான தெத் சமயத்திலும் ரயிலில் இடம் கிடைப்பது அரிது. அது முடிந்த பிறகு, மார்ச்சில் போனால் வடக்கு, நடு, தெற்கு என மூன்று பகுதிகளிலும் வானிலை ஒத்துவரும்.

மோட்டார் சைக்கிளையும் விட்டுவிடுங்கள். நம் நாட்டில் தரும் அனுமதி 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி ஆனது. வியட்நாம் ஏற்பதோ 1968 வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கப்பட்டதை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுப் பணம் கிடைக்காமல் போகலாம். ஹூவேயிலிருந்து டா நாங் வரையுள்ள 103 கி.மீ. தூரத்தை ரயில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் கடக்கிறது. கணவாய்ப் பகுதியில் மலைச்சரிவை ஒட்டி, கடல் கீழே தெரிய வளைந்து வளைந்து போகும். தெற்கு நோக்கிப் போகையில் இடப்பக்க இருக்கை கேளுங்கள்.

ஹனோய்–சைகோன் ரயில் பாதை மொத்தம் 1,726 கி.மீ.; 1936இல் முழுமையடைந்தது, போரில் சிதைந்து 1976 இறுதியில் மீண்டும் இணைக்கப்பட்டது. விழுப்புரம்–மாயவரம் தடத்தில் முன்பு ஓடிய மீட்டர்கேஜ்தான் அங்கே இன்றும் ஓடுகிறது. நிற்காமல் போனாலும் ஒன்றரை நாள் ஆகும் என்பதால் பயணத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பெர்த் விஷயத்தில் நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். காசு மிச்சம் என்று ஆறு பேர் பெட்டியில் அம்மாவுக்கு நடு பெர்த் எடுத்தேன். நிமிர்ந்து உட்கார முடியாமல், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடியே அவர் சோறு சாப்பிட்டதை என்னால் மறக்க முடியவில்லை. நால்வர் பெட்டியில் கீழ் பெர்த் எடுங்கள்.

பதில் (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் போதாது. காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். ‘ஆன் சாய்’ என்றால் அவர்களுக்குச் சைவ உணவு என்று புரியும். ‘சாய்’ என்று பலகை வைத்த கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. அமாவாசையை ஒட்டி வரும் சந்திர மாத முதல் நாளிலும் பௌர்ணமியன்றும் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால், அந்த நாள்களில் இன்னும் எளிதாகக் கிடைக்கும். சைகோனில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கு அப்பாவைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. விடுப்பை மார்ச்சுக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன். ஹனோயில் 3 நாள், இரவு ரயிலில் ஹூவே, அங்கே 2 நாள், பகல் ரயிலில் டா நாங், அங்கே 2 நாள், மறுபடி இரவு ரயில், மீதி நாள்கள் எல்லாம் சைகோனில். ஈ-விசாவில் எந்த ஊரைக் குறிப்பிடுவது?

பதில் (மஞ்சக்குப்பம், கடலூர்)

நுழையும் இடமாக ஹனோய் விமான நிலையத்தையும், வெளியேறும் இடமாக ஹோ சி மின் நகர விமான நிலையத்தையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். ஒருமுறை நுழைய 25 டாலர். ஊரின் பெயர் மாறினாலும் ரயில் நிலையத்துக்கு இன்றும் சைகோன் என்றுதான் பெயர். அப்பாவின் பயணச்சீட்டில் அந்தப் பெயரே இருக்கும்.