பெரியப்பாவின் 737, பேரனின் ஏ320: குடும்பக் குழுவில் ஒரு மாலை

[மாலை 5:40] பாளை பெரியப்பா:
கவிதா, ஓய்வாக இருக்கும்போது இதைப் படித்துப் பார். கணினியில் விமானம் ஓட்டும் எஃப்எஸ்எக்ஸ் சிமுலேட்டரில் நான் புதிதாகச் சேர்த்த 737-800 ஆட்-ஆன் (தனியாக இறக்கிச் சேர்ப்பது) விமானத்தில் மூன்று குறைகள் இருக்கின்றன. விமானம் பட்டியலில் வருகிறது; ஓடுபாதையில் ஒழுங்காக நிற்கிறது; என்ஜின்களும் ஓடுகின்றன. ஆனால் விமானி அறையின் நடுவில் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு திரைகள் மட்டும் கறுப்பாகவே கிடக்கின்றன. பேரன் அருண் வரைந்து அனுப்பிய நெல்லை லிவரி (விமானத்தின் வெளிப்புற வண்ணப் படம்) எவ்வளவு தேடியும் பட்டியலில் இல்லை. மூன்றாவதுதான் மனத்தை மிகவும் வருத்துகிறது. திருவனந்தபுரத்தில் ஏறி ஏறக்குறைய நான்கு மணி நேரம் பறந்து, துபாய் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும் நேரத்தில், நினைவகம் போதவில்லை என்று ஓர் அறிவிப்பு வந்து சிமுலேட்டரே மூடிக்கொள்கிறது.

[மாலை 5:52] தென்காசி அத்தான்:
மாமா, ஒரே விமானத்தில் இத்தனை குறை என்றால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றிவிடுவதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

[மாலை 6:15] கவிதா அக்கா:
அது வேண்டாம் அத்தான். ஒழுகுகிற ஓட்டுக்காக வீட்டை இடிக்க வேண்டியதில்லை. இந்த மூன்றும் ஒரே நோயின் மூன்று அறிகுறிகள் அல்ல; மூன்றும் தனித்தனிக் காரணங்களால் வருபவை. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் அதே கோப்புகள் அதே இடத்தில்தான் வந்து அமரும். அதோடு, இன்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மற்ற விமானங்களையும் பெரியப்பா இழக்க நேரிடும்.

பெரியப்பா, முதலில் ஒன்று செய்யுங்கள். எஃப்எஸ்எக்ஸோடு சேர்ந்தே வந்த 737-800 ஒன்று இருக்கிறதல்லவா, அதை ஏற்றிப் பாருங்கள். அதில் எல்லாத் திரைகளும் எரிந்து, ஜாய்ஸ்டிக்குக்கும் விமானம் ஒழுங்காக அசைந்தால், சிமுலேட்டரும் கணினியும் சரியாக இருக்கின்றன, கோளாறு ஆட்-ஆன் கோப்புகளுக்குள்தான் இருக்கிறது என்று உறுதியாகிவிடும். இதைச் செய்யாமல் வேறு எதைத் தொட்டாலும் இருட்டில் தேடுவதாகத்தான் முடியும்.

[மாலை 6:31] பாளை பெரியப்பா:
ஏற்றிப் பார்த்தேன். அந்த விமானத்தில் ஒரு குறையும் இல்லை.

[மாலை 6:40] கவிதா அக்கா:
நல்லது. லிவரியிலிருந்து தொடங்குவோம். விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் 'ஷோ ஆல் வேரியேஷன்ஸ்' என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லாவிட்டால் ஒரு விமானத்துக்கு ஒரு லிவரியை மட்டுமே அது காட்டும். குறி இருந்தும் வரவில்லை என்றால், சிம்ஆப்ஜெக்ட்ஸ் ஃபோல்டருக்குள் ஏர்ப்ளேன்ஸ், அதற்குள் உங்கள் 737, அதற்குள் 'ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி' என்ற கோப்பு இருக்கும். அதை டெஸ்க்டாப்பில் ஒரு நகல் எடுத்து, நகலை நோட்பேடில் திறந்து, 'எஃப்எல்டிசிம்' என்று தொடங்கும் தலைப்புகளில் என்னென்ன எண்கள் இருக்கின்றன என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்.

[இரவு 7:02] பாளை பெரியப்பா:
கட்டத்தில் குறி இருக்கிறது. எண்கள் 0, 1, 2, 3, 5. ஐந்தாவதுதான் அருணின் லிவரி. அதன் கீழே 'டெக்ஸ்சர்=நெல்லை' என்று இருக்கிறது; ஃபோல்டரின் பெயரும் 'டெக்ஸ்சர்.நெல்லை' என்றே இருக்கிறது.

[இரவு 7:06] கவிதா அக்கா:
காரணம் அதுவேதான் பெரியப்பா. அந்த எண்கள் 0-இல் தொடங்கி இடைவெளி இல்லாமல் வரிசையாக வர வேண்டும். சிமுலேட்டர் 3 வரை படித்து, 4 என்ற தலைப்பைத் தேடி, அது இல்லாததால் அதற்கு மேல் படிக்காமல் நிறுத்திவிடுகிறது. முன்பு அந்த இடத்தில் இருந்த ஒரு லிவரி நீக்கப்பட்டபோது இந்த இடைவெளி விழுந்திருக்கும். 5 என்பதை 4 என்று மாற்றுங்கள். 'டைட்டில்=' என்று தொடங்கும் வரியில் உள்ள பெயர் வேறு எந்த லிவரிக்கும் இல்லாத பெயராக இருக்கட்டும்; இரண்டு லிவரிகளுக்கு ஒரே டைட்டில் இருந்தாலும் தொல்லைதான்.

சேமிக்கும்போது கவனமாக இருங்கள். கோப்புப் பெயரின் பின்னொட்டை விண்டோஸ் வழக்கமாக மறைத்து வைக்கும். அதனால் நோட்பேட் அதை 'ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி.டிஎக்ஸ்டி' என்று சேமித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பின்னொட்டுகளைக் காட்டும்படி அமைத்துக்கொண்டு, டெஸ்க்டாப்பில் திருத்திய பிறகு பழைய இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் நேரடியாகத் திருத்தினால் விண்டோஸ் தடுக்கும்.

[இரவு 7:28] பாளை பெரியப்பா:
லிவரி வந்துவிட்டது. வால்பகுதியில் நெல்லையப்பர் கோயில் தேர் அவ்வளவு அழகாக இருக்கிறது. ஆனால் இறக்கைகளும் என்ஜின் உறைகளும் கரிபிடித்ததுபோல் கறுத்திருக்கின்றன.

[இரவு 7:33] அருண்:
தாத்தா, நான் உடல்பகுதிக்கும் வாலுக்கும் மட்டுமே படம் வரைந்தேன். மற்றவை எல்லா லிவரிக்கும் பொதுவானவை. அந்தத் தேரை வரைவது எளிதாகவே இருந்தது. எஃப்எஸ்எக்ஸ் டிடிஎஸ் வகைப் படக் கோப்புகளைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளும் என்பதால், முழுப் படத்தையும் தலைகீழாகத் திருப்பிச் சேமித்து அனுப்பினேன்.

[இரவு 7:41] கவிதா அக்கா:
அருண், நீ செய்தது சரிதான். பொதுவான படங்களை எங்கே தேட வேண்டும் என்று அந்த ஃபோல்டருக்குச் சொல்லும் ஒரு சிறிய கோப்புதான் இல்லை. பெரியப்பா, மற்ற லிவரி ஃபோல்டர்களில் 'டெக்ஸ்சர்.சிஎஃப்ஜி' என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் 'ஃபால்பேக்.1', 'ஃபால்பேக்.2' என்று வரிகள் தெரியும். இங்கே படம் கிடைக்காவிட்டால் பக்கத்திலுள்ள பொது ஃபோல்டரில் போய்ப் பார் என்பதே அவற்றின் பொருள். அந்தக் கோப்பை அப்படியே நகலெடுத்து நெல்லை ஃபோல்டரில் வையுங்கள். இறக்கைக்கு நிறம் வந்துவிடும்.

[இரவு 7:50] பாளை பெரியப்பா:
வந்துவிட்டது. இனி அந்தக் கறுப்புத் திரைகள்.

[இரவு 8:04] கவிதா அக்கா:
இது கொஞ்சம் நீளும். 737-800 விமானி அறையில் ஆறு திரைகள். ஜெனரேட்டர் இணைக்கப்படாவிட்டாலும் திரைகள் அணையும் என்பதால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் உங்களுக்கு என்ஜின்கள் ஓடுகின்றன, மற்ற நான்கு திரைகளும் எரிகின்றன. ஆகவே மின்சாரத்தை விட்டுவிடலாம். அந்த இரண்டு திரைகளையும் வரைகிற கேஜ் கோப்புகளைச் சிமுலேட்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை, அல்லது கண்டுபிடித்தும் இயக்க முடியவில்லை. இந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

விமானத்தின் 'பேனல்' ஃபோல்டரில் 'பேனல்.சிஎஃப்ஜி' இருக்கும். அதில் 'கேஜ்00=', 'கேஜ்01=' என்று வரிசையாக வரும். ஒவ்வொரு வரியிலும் ஆச்சரியக்குறிக்கு முன்னால் உள்ளது கோப்பின் பெயர். பின்னால் உள்ளது அந்தக் கோப்புக்குள் இருக்கும் கருவியின் பெயர். அந்தக் கோப்பு விமானத்தின் பேனல் ஃபோல்டரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எஃப்எஸ்எக்ஸின் பொதுவான 'கேஜஸ்' ஃபோல்டரில் இருக்க வேண்டும். இரண்டிலும் இல்லை என்றால் சிமுலேட்டர் எதுவும் சொல்லாது. அந்த இடத்தைக் கறுப்பாக விட்டுவிட்டுப் போய்விடும்.

[இரவு 8:37] பாளை பெரியப்பா:
பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு கோப்பு எந்த ஃபோல்டரிலும் இல்லை. நான் இறக்கிய ஜிப்புக்குள் தனியாக ஒரு 'கேஜஸ்' ஃபோல்டர் இருக்கிறது. அது அங்கேயே கிடக்கிறது. இன்னொரு கோப்பு பேனல் ஃபோல்டரிலேயே இருக்கிறது.

[இரவு 8:45] கவிதா அக்கா:
மிக நன்றாகத் தேடியிருக்கிறீர்கள் பெரியப்பா. முதல் கோப்பை ஜிப்பிலிருந்து எடுத்துப் பொது 'கேஜஸ்' ஃபோல்டரில் வையுங்கள். அடுத்த முறை விமானத்தை ஏற்றும்போது, இந்த மென்பொருளை நம்பி இயக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். ஜிப் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும் என்றால் மட்டும் ஆம் என்று சொல்லுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்யாதீர்கள். எது பலித்தது என்று பிறகு தெரியாமல் போகும்.

இரண்டாவது கோப்பு இடத்தில் இருந்தும் இயங்கவில்லை. சில கேஜ்கள் இயங்க விஷுவல் சி++ ரன்டைம் என்ற துணை மென்பொருள் வேண்டும். இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். விண்டோஸ் 64 பிட் ஆக இருப்பதால் 64 பிட் ரன்டைம் போதும் என்று நினைக்கிறார்கள். எஃப்எஸ்எக்ஸ் 32 பிட் மென்பொருள். அதற்குள் ஓடும் கேஜும் 32 பிட். ஆகவே 'எக்ஸ்86' என்று குறித்த ரன்டைம்தான் வேண்டும். எந்த ஆண்டின் பதிப்பு என்பது ஆட்-ஆனோடு வந்த ரீட்மீ கோப்பில் எழுதியிருக்கும்.

[இரவு 9:20] பாளை பெரியப்பா:
முதல் திரை உடனே எரிந்தது. ரன்டைம் ஏற்றிய பிறகு இரண்டாவதும் எரிந்தது. என்ஜின் சுழற்சி, வெப்பம், எரிபொருள் எல்லாம் தெரிகின்றன. மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது கவிதா.

[இரவு 9:24] தென்காசி அத்தான்:
மாமாவின் வேலை முடியும் முன்பே கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். அருணின் புதிய சிமுலேட்டரில் ஏ320 ஆட்-ஆன் மேலே ஏறியதும் திரையில் ஏதோ எழுத்துகள் மின்னிக்கொண்டே இருக்கின்றன, வேகமும் நிலைகொள்வதில்லை. அதையும் பார்த்துச் சொல்.

[இரவு 9:27] அருண்:
சித்தி, 'எல்விஆர் சிஎல்பி' என்று மின்னுகிறது. லீவரை 'சிஎல்' என்ற இடத்துக்கு இழுத்தாலும் அது நிற்பதில்லை.

[இரவு 9:38] கவிதா அக்கா:
அது விமானத்தின் கோளாறு அல்ல அருண்; லீவரைக் கிளைம்ப் இடத்தில் வை என்று விமானம் உன்னிடம் சரியாகத்தான் கேட்கிறது. ஏ320-இல் என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் என்பது வெறுமனே முன்னும் பின்னும் ஓடும் லீவர் அல்ல. டோகா (முழு விசை), ஃப்ளெக்ஸ் (குறைத்த புறப்பாட்டு விசை), கிளைம்ப் (மேலேறும் விசை), ஐடில் (மிகக் குறைந்த விசை) என்று குறிப்பிட்ட பள்ளங்களில் அது உட்கார வேண்டும். கிளைம்ப் பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ த்ரஸ்ட் வேகத்தைக் கையில் எடுக்கும். உன் ஜாய்ஸ்டிக்கில் அந்தப் பள்ளங்கள் இல்லை. எந்த அளவு கிளைம்ப், எந்த அளவு ஐடில் என்று விமானத்துக்கு நீ சொல்லித் தர வேண்டும். விமானி அறையிலுள்ள டேப்லெட்டில் த்ராட்டில் கேலிப்ரேஷன் பக்கத்துக்குப் போய், லீவரை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, அந்த இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பதிவு செய். மலிவான ஜாய்ஸ்டிக்குகளில் கை எடுத்த பிறகும் அளவு கொஞ்சம் நடுங்கும். அந்த இடைவெளி அதற்காகத்தான். அதே த்ராட்டில் வேறொரு கருவிக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள். ஆட்-ஆன் பட்டியலிலேயே காணவில்லை என்றால், முதலில் உன் சிமுலேட்டரில் ஆட்-ஆன்களை வைக்கும் 'கம்யூனிட்டி' ஃபோல்டரைத் திற. ஜிப்பை விரிக்கும்போது ஒரு ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் விழுவது வழக்கம். 'மேனிஃபெஸ்ட்.ஜேசன்', 'லேஅவுட்.ஜேசன்' இரண்டும் முதல் அடுக்கிலேயே தெரிய வேண்டும். இரண்டாம் அடுக்கில் கிடந்தால் சிமுலேட்டர் அதைக் கண்டுகொள்ளாது. நீ வரைந்த லிவரியைச் சேர்த்தால் லேஅவுட் கோப்பையும் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத கோப்பு, ஃபோல்டரில் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

[இரவு 9:55] தென்காசி அத்தான்:
மாமா, உங்கள் 737-ஐத் தூத்துக்குடி வாகைகுளம் விமான நிலையத்தில் இறக்கியபோது ஓடுபாதையைத் தாண்டி ஓடியதாகச் சொன்னீர்களே, பிரேக்கிலும் ஏதாவது குறை இருக்குமோ?

[இரவு 10:01] பாளை பெரியப்பா:
பிரேக்கில் குறை இல்லை மாப்பிள்ளை. தூத்துக்குடி விமான நிலையத்தின் பழைய ஓடுபாதை 1,351 மீட்டர்தான். ஏடிஆர் 72 போன்ற சிறிய விமானங்கள் வந்துபோனதற்கு அதுவே காரணம். அதை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில்தான் புதிய முனையத்தையும் திறந்தார்கள். எஃப்எஸ்எக்ஸ் 2006-இல் வந்த மென்பொருள். அதற்குப் புதிய ஓடுபாதையைப் பற்றி எப்படித் தெரியும்? கவிதா, துபாய்க் கதையைச் சொல்.

[இரவு 10:14] கவிதா அக்கா:
பெரியப்பா, உங்கள் கணினியில் 16 ஜிபி ராம் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் 32 பிட் மென்பொருளான எஃப்எஸ்எக்ஸ், 64 பிட் விண்டோஸிலும் 4 ஜிபி நினைவக முகவரி இடத்துக்கு மேல் கையாள முடியாது. இன்னும் ராம் வாங்கிப் போட்டாலும் இந்தக் குறை தீராது. நான்கு மணி நேரப் பறப்பில் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிறது. துபாயை நெருங்கும்போது உயரமான கட்டடங்கள், விரிவான விமான நிலையம், போக்குவரத்து விமானங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஏறுகின்றன. அதனால்தான் எப்போதும் இறங்கும் நேரத்திலேயே மூடிக்கொள்கிறது.

ஆட்டோஜென்னையும் (சிமுலேட்டர் தானாக நிரப்பும் கட்டடங்கள், மரங்கள்) போக்குவரத்தையும் குறையுங்கள். அந்தப் பயணத்துக்கு வேண்டாத ஆட்-ஆன் விமான நிலையங்களின் குறியை சீனரி லைப்ரரியில் எடுத்துவிடுங்கள். 'எஃப்எஸ்எக்ஸ்.சிஎஃப்ஜி' கோப்பில் படங்களின் உச்ச அளவைக் குறிக்கும் 'டெக்ஸ்சர்_மேக்ஸ்_லோட்' 4096 என்று இருந்தால் 1024 ஆக்குங்கள். பறக்கும்போது பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற கருவியில் எஃப்எஸ்எக்ஸின் விர்ச்சுவல் சைஸ் என்ற அளவைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். இறங்கத் தொடங்கும் முன்பே அது 3.5 ஜிபியைத் தாண்டியிருந்தால், அங்கேயே பறப்பைச் சேமித்து, சிமுலேட்டரை மூடித் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

[இரவு 10:20] தென்காசி அத்தான்:
64 பிட் சிமுலேட்டருக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது அல்லவா?

[இரவு 10:26] கவிதா அக்கா:
நினைவகத் தொல்லை இருக்காது அத்தான். பிரிப்பேர்3டி என்ற சிமுலேட்டர் 2017-இல் நான்காம் பதிப்பிலேயே 64 பிட் ஆகிவிட்டது. ஆனால் பெரியப்பா இன்று உயிர்ப்பித்த அந்த 32 பிட் கேஜ்கள் அதில் ஓடா. 737-ஐப் புதிதாக வாங்க வேண்டும். இந்த விமானம் இப்போது நன்றாக ஓடுகிறது. இதை விட்டுவிட்டு மாற வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

[இரவு 10:31] அருண்:
தாத்தா, 1024 வைத்தால் என் தேர் மங்கிவிடும். நான் அதை 2048-இல் வரைந்திருக்கிறேன்.

[இரவு 10:34] கவிதா அக்கா:
அப்படியானால் 2048 வையுங்கள் பெரியப்பா. போக்குவரத்து விமானங்களை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் அதற்கான இடம் கிடைத்துவிடும்.

[இரவு 10:36] பாளை பெரியப்பா:
2048 வைத்துவிட்டேன். நாளைக் காலையில் திருவனந்தபுரத்தில் ஏறுகிறேன். இறங்கத் தொடங்கும் முன் அந்த அளவைக் குழுவில் எழுதுகிறேன்.