மறுமொழி: தெர்மோஸ்டாட்: ‘சூட்டுமதகு’ என்று சொல்லலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

வண்டி இஞ்சினின் சூட்டைப் பார்த்து, அதன் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் துண்டு தெர்மோஸ்டாட். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற நம் குழுவின் கேள்விக்கு இதுவரை வெப்பநிலைநிறுத்தி, வெப்பக் கட்டுப்படுத்தி, தன்வெப்பச் சீராக்கி என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. ஏட்டில் மூன்றும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் வண்டி கொதித்து வழியில் நிற்கிறவருக்கு இவற்றால் ஒன்றும் விளங்காது என்பது என் எண்ணம். எங்கள் பழைய டீசல் வேனோடு போன மாதம் பட்ட பாட்டைச் சொல்கிறேன், காரணம் புரியும்.

உதகைப் பக்கத்துக் கேத்தியிலிருந்து காரட் மூட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் வண்டி அது. முதலில், திரும்பி ஏறும்போது மலைப்பாதையில் பர்லியாறு தாண்டினால் மட்டும் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. போகப் போக உதகையில் சும்மா நின்றாலும் ஏற ஆரம்பித்தது. பட்டறையில் காட்டினேன். “ஹெட் கேஸ்கட் போயிருச்சு, ஹெட்டைக் கழற்றணும்” என்றார்கள். இஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவை அடைக்கும் தகடு அது. செலவைக் கேட்டதும், முதலில் நாமே பார்த்துவிடுவோம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மறுநாள் காலை இஞ்சின் நன்றாக ஆறியிருந்தபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். சூடாக இருக்கும்போது அதில் கை வைக்கவே கூடாது, அழுத்தத்தில் நிற்கும் தண்ணீர் முகத்தில் அடித்துவிடும். மூடி போடாமலே ஸ்டார்ட் செய்து பார்த்தேன். கேஸ்கட் போயிருந்தால் தண்ணீரில் ஓயாமல் குமிழி கிளம்பியிருக்கும், ஒன்றும் வரவில்லை. ஆயிலில் தண்ணீர் கலந்தால் வரும் பால் கலந்த காப்பி நிறமும் ஆயில் குச்சியில் இல்லை. பெல்ட் இறுக்கமாக இருந்தது, தண்ணீர் பம்ப்பில் கசிவும் இல்லை. சரி என்று மூடியைப் போட்டு வண்டியைச் சூடேற விட்டேன். முள் முக்கால் அளவைத் தாண்டியது. இஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டால் ஆறிப்போன வெந்நீர் மாதிரி வெதுவெதுப்பு, ரேடியேட்டரோ சில்லென்று இருந்தது. இஞ்சினில் கொதிக்கிற தண்ணீர் ரேடியேட்டருக்கு வந்து சேரவே இல்லை. நடுவில் எதுவோ அடைத்துக்கொண்டு நிற்கிறது!

அந்த நடுவில் இருப்பது தெர்மோஸ்டாட்தான். கழற்றினால் உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளைத் துண்டு, மேலே 82 என்று பொறித்திருக்கிறது. நடுவில் மெழுகு அடைத்த சின்னக் குப்பி. 82 டிகிரி வந்ததும் மெழுகு உருகி உப்பும், உப்பினால் தட்டு விலகும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் பாயும். ஆறினால் சுருள்வில் தட்டை மறுபடி மூடிவிடும். மின்சாரம், வயர் எதுவும் கிடையாது. நூலில் கட்டி, அலுமினியச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் தட்டு அசையவில்லை.

புதியது வாங்கி வந்து அதையும் சட்டியில் போட்டேன். 82-இல் மயிரிழை அளவு விலகியது. ஆனால் எவ்வளவு கொதித்தும் முழுதாகத் திறக்கவில்லை. இதுவும் கெட்டதுதான் என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகக் கிளம்பிவிட்டேன். அப்புறம்தான் நினைவுக்கு வந்தது: உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் ஏறாது. இது முழுதாகத் திறக்கவோ 95 டிகிரி வேண்டும். இதே சட்டியைக் கோவையில் வைத்திருந்தால் திறந்திருக்கும். ஆகவே தொடக்கத் திறப்பு, முழுத் திறப்பு என்று இரண்டு துணைச் சொற்களும் நமக்கு வேண்டும். வெறுமனே ‘திறக்கும் வெப்பநிலை’ என்று எழுதினால் மலையில் இருப்பவர்கள் நல்ல பொருளைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

இனி சொல்லுக்கு வருகிறேன். இந்தத் துண்டு செய்கிற வேலை ஏரி மதகு செய்கிற வேலைதான். சூடு வந்தால் திறந்து தண்ணீரை விடுகிறது, தணிந்தால் மூடி நிறுத்துகிறது. அதனால் ‘சூட்டுமதகு’. ‘கட்டுப்படுத்தி’ என்றால் எங்கோ ஒரு மின்கருவி என்று தோன்றும். மதகு என்றால் தண்ணீர் போகும் வழியில் கை தானாகப் போய்த் தேடும். இன்னொன்றும் உண்டு. “தெர்மோஸ்டாட்டா, எடுத்துப் போட்டுட்டு ஓட்டுங்க” என்று சொல்லும் வழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. சமவெளிக் கோடையில் அப்படி ஓட்டி வண்டி தாங்கலாம். உறைபனி விழும் உதகைக் காலையில் இஞ்சின் சூடேறவே ஏறாது, டீசல்தான் வீணாகும். ஏரிக்கு மதகு வேண்டாம், பிடுங்கிப் போடு என்று யாராவது சொல்வார்களா?

அயர்ன் பாக்ஸிலும் ஃபிரிட்ஜிலும் இருப்பதும் தெர்மோஸ்டாட்தானே, எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வேண்டாமா என்று சேலத்து ஐயா கேட்டிருந்தார். அவை மின்சாரத்தை விட்டு விட்டு நிறுத்துபவை, அங்கே வெப்பநிலைநிறுத்தி சரியாகவே பொருந்தும். ஆங்கிலத்தில் ஒரு பெயர் என்பதற்காக இரண்டு வேறு பொருள்களை நாமும் ஒரே பெயரில் கட்டிப்போட வேண்டாம், ஐயா. ‘சூடு’ பேச்சுவழக்கு, ‘வெப்பமதகு’ ஆகட்டும் என்கிறார் மதுரை நண்பர். சூடு போடும் கோலுக்குச் சூட்டுக்கோல் என்று பழைய சொல்லே இருக்கிறதே. டிரைவர்களும் “வண்டி சூடாயிடுச்சு” என்றுதான் சொல்கிறார்கள், வெப்பமானது என்று சொல்லிக் கேட்டதில்லை. வால்வுக்குச் சொல்லப்படும் ‘ஓரதர்’ நல்ல சொல், அதைப் பொதுவாக எல்லா வால்வுகளுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

புதியதை மாட்டிய அன்று மூட்டை ஏற்றும் பையனிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே, மேல் ஹோஸில் கை வைத்திருக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் கையை வெடுக்கென்று எடுத்தான். “அண்ணே, மதகு தொறந்துருச்சு!”

கொடைக்கானல் பக்கத்து டிரைவர்களிடம் இதற்கு வேறு பெயர் ஏதாவது புழங்குகிறதா என்று அங்கிருப்பவர்கள் விசாரித்து எழுதுங்கள். புழக்கத்தில் ஒன்று இருந்தால் என் சொல்லை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.