எலுமிச்சைக் குழியில் கூட்டுப்பயிர்: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

காங்கயம் செம்மண்:
எங்கள் காட்டுக்குக் கரண்ட் கம்பி வரவில்லை. சோலார் மோட்டார், ஒரு தொட்டி, அதிலிருந்து சொட்டுநீர், அவ்வளவுதான். கூட்டுப்பயிர், அதாவது ஒரு செடிக்குத் துணையாகப் பக்கத்திலேயே வேறு செடி வைப்பது, இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்து எலுமிச்சை. நான்கு குழிகளில் ஒரு புல் விடாமல் கொத்தி வைத்திருந்தேன். ஐந்தாவதில் அமுச்சி (அம்மாவின் அம்மா) என்னைக் கேட்காமல் சர்க்கரைவள்ளிக் கொடி ஊன்றி, மேற்கே இரண்டு துவரையும் போட்டுவிட்டார். "எலுமிச்சைக்குப் போற தண்ணிய இது குடிச்சுருமுங்க" என்று சத்தம் போட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

சித்திரையில் மூன்று வாரம் குடும்பத்தோடு வெளியூர். சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைத்துக்கொண்டது. வந்து பார்த்தால் நான்கு செடியும் தொட்டவுடன் இலை நொறுங்குகிறது. ஐந்தாவது பச்சையாக நிற்கிறது. வாடிக் கிடந்த கொடியை விலக்கினேன், அடியில் மண் விரலில் ஒட்டியது. தண்டோரம் ஒரு தேரை, தொண்டை துடிக்க உட்கார்ந்திருந்தது. போன நான்கு செடியை விட, அன்றைக்கு அமுச்சியிடம் கத்தியதுதான் இன்னும் உறுத்துகிறது.

பல்லடம் தோட்டக்காரர்:
ஒரு குழியை வைத்து முடிவு கட்டாதீங்க. அந்த இடத்தில் மண் ஆழம் கூடுதலாக இருந்திருக்கலாம். சர்க்கரைவள்ளி வைத்தால் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டும் பெருச்சாளியும் கூடவே வரும்.

எனக்குச் செண்டுமல்லியில் பட்டது போதும். பூச்சி அண்டாது என்று சொன்னார்கள், கத்தரிக்கு நடுவே வரிசையாக நட்டேன். மாசியில் பூவெல்லாம் நூலாம்படை கட்டினாற்போல் வலை. கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தால் சிவப்புப் புள்ளி புள்ளியாக நகர்கிறது. செஞ்சிலந்தி! அங்கே பெருகிக் கத்தரிக்கும் ஏறிவிட்டது. செண்டுமல்லி அடக்குவது மண்ணுக்குள் இருக்கும் வேர்முடிச்சு நூற்புழுவை. அதுவும் நெருக்கி நட்டு இரண்டு மூன்று மாதம் நிற்க வேண்டும். இலைமேல் வருவதையெல்லாம் விரட்டும் என்று நம்பி யாரும் நடாதீங்க.

மேகாத்து:
போன ஆடிக் காற்றில் முருங்கை முறிந்து தொட்டிமேல் விழுந்தது. குழாயும் போச்சு, தண்ணியும் போச்சு.

பல்லடத்து அண்ணா பூச்சியைச் சொன்னார், காற்றை விட்டுவிட்டார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலிருந்து அடிக்கிற காற்றுதான் நம் பக்கம் ஈரத்தை உறிஞ்சுவது. காங்கயத்தில் அந்த மேற்குத் துவரை சித்திரையில் சாயங்கால வெயிலை மறைத்திருக்கும், ஆனி வந்தால் காற்றையும் தடுக்கும். புதிதாக வைக்கிறவர்கள் முதலில் மேற்கு ஓரம் தழைக்காக வளர்க்கிற கிளைரிசிடியா மரத்தின் போத்து ஊன்றுங்கள். வருடம் இரண்டு மூன்று முறை வெட்டித் தழையை மண்மேல் பரப்பி மூடாக்காகப் போடலாம், தழைச்சத்தும் சேரும். மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது, ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். இல்லாவிட்டால் தண்டு அழுகும். புரட்டாசிக் கடைசியில் கொள்ளோ தட்டைப்பயறோ தூவினால் ஐப்பசி மழைக்குத் தரை மூடிக்கொள்ளும். முருங்கையைத் தொட்டிப் பக்கமே வைக்காதீங்க, இடுப்பளவில் கவாத்து பண்ணிக்கொண்டே இருங்க. அப்புறம், சொட்டுநீர்க் குழாயின் கடைசி மூடியைக் கழற்றி வாரம் ஒருமுறை தண்ணீர் பாய விடுங்க.

தாராபுரத்து அம்மணி:
தம்பிகளா, இதெல்லாம் புதுசா? எங்கள் கொறங்காட்டில், அதாவது ஆடு மேயும் மானாவாரிக் காட்டில், மேலே வெள்வேல் மரம், கீழே கொழுக்கட்டைப் புல், சுற்றிலும் கிளுவை வேலி. தண்ணி கட்டியதும் இல்லை, உரம் வைத்ததும் இல்லை. எங்க அப்புச்சி (அம்மாவின் அப்பா) பொழுதோட தொரட்டியால் வெள்வேல் கிளையை உலுக்குவார். நெத்து சடசடவென்று விழும் சத்தம் கேட்டதுமே காடு முழுக்கச் சிதறி மேய்ந்த செம்மறி அத்தனையும் மரத்தடிக்கு ஓடிவரும். அடுத்த மழைக்கு ஆட்டுப் புழுக்கை கிடந்த இடத்தில் சின்னச் சின்ன வெள்வேல் கன்று முளைத்திருக்கும். யாரும் நட்டதில்லை. போன வருடம் அந்தக் காட்டை விற்றுவிட்டோம், இப்போது மனைக் கல் நட்டிருக்கிறது. அந்த வழியில் பஸ்ஸில் போனால் நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

காங்கயம் செம்மண்:
பல்லடம் அண்ணா, கூன்வண்டு உண்மைதானுங்க. தோண்டிய கிழங்கில் பாதி துளை. அது ஆட்டுக்குக்கூட ஆகவில்லை, குழி தோண்டிப் புதைத்தேன். ஆனாலும் எனக்குக் கிழங்கு வேண்டியதில்லை, நிழல் போதும். நான்கு குழியிலும் புதுக் கன்று வைத்தாயிற்று. நேற்று அமுச்சி குத்தவைத்து உட்கார்ந்து கொடி ஊன்றினார், நான் முழ அளவுக்கு வெட்டிக் கொடுத்தேன். துவரை எந்தப் பக்கம் போடட்டும் என்று அவரிடமே கேட்டேன்.